மேலும் வாசிக்க

லிஃப்ட்காரர் ஊரார் பார்க்க ஒன்றை எழுதியது தம் வாழ்நாளில் அப்போதுதான் முதல் முறை. மொத்தம் பதினோரு வரி. அந்தப் பதினோரு வரிக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தால், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த முதல் வகுப்பு வாத்தியாரைத்தான் முதலில் பிடித்து விசாரிக்க வேண்டும்.

ஒன்பது மாடி ஆஸ்பத்திரி அது. மூன்று லிஃப்ட். இருபத்திரண்டு வருஷமாக அந்த மூன்றையும் ஓட விட்டுக்கொண்டிருப்பவர் இவர்தான். மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமில் கிரீஸ் வாசனைக்கு நடுவே ஒரு ஸ்டூல், ஒரு டார்ச், ஒரு தண்ணீர் பாட்டில். வாய் திறந்து பேசுவது குறைவு. மோட்டார் சத்தத்தில் பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று.

மூன்றாம் எண் லிஃப்டில், பெட்டியைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது. நகக்கண் அளவுக்குத்தான் மிச்சம். லிஃப்ட் சில சமயம் தளத்துக்கு நாலு விரற்கடை கீழே போய் நின்றது. புது லைனிங் கேட்டு ஸ்டோருக்கு மூன்று முறை படிவம் எழுதிக் கொடுத்தார். ஸ்டோர்காரர் மூன்றையும் வாங்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் தம் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டார். லிஃப்டை நிறுத்தி வைக்க லிஃப்ட்காரருக்கு அதிகாரம் இல்லை. நிர்வாகத்தின் முத்திரை போட்ட உத்தரவு வேண்டும்.

சரி, ஜனங்களிடமாவது சொல்லிவிடுவோம் என்று ஆஸ்பத்திரியின் பொதுப் பக்கத்தில் எழுதினார். பணியாளர்கள், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஃபோனில் பார்க்கிற பக்கம் அது. மனைவியிடம் காட்டி, எழுத்துப் பிழை இல்லாமல் சரிபார்த்து, பிறகுதான் போட்டார். லைனிங் தேய்ந்த விஷயம், மாற்றும் வரை ஒன்றாம் லிஃப்டையும் இரண்டாம் லிஃப்டையும் பயன்படுத்தச் சொல்லி ஒரு வேண்டுகோள், ஸ்ட்ரெச்சரை மட்டும் எக்காரணம் கொண்டும் மூன்றில் ஏற்ற வேண்டாம் என்ற எச்சரிக்கை, சிரமத்துக்கு வருத்தம் என்று எல்லாம் அதில் இருந்தது. ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்தப் பக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு எழுதினாலும் முதல் வரியை மட்டும் காட்டும். அதற்குப் பிறகு மூன்று புள்ளி வைத்து, நீல எழுத்தில் 'மேலும் வாசிக்க' என்று போடும். அதை விரலால் தொட்டால்தான் மிச்சம் விரியும். ஆகவே ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: "மூன்றாம் எண் லிஃப்ட் பற்றி ஒரு வேண்டுகோள். நோயாளிகளைக் கூட்டி வருபவர்கள்…"

முதல் கருத்தைப் போட்டவர் கேன்டீன் கல்லாவில் இருப்பவர். ஆள் கொஞ்சம் கிண்டல் பேர்வழி. "நோயாளிகளைக் கூட்டி வருபவர்கள் என்ன செய்ய வேண்டுமாம்? முதுகில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டுமா?" என்று எழுதினார். இரண்டாவதாக வந்த எக்ஸ்ரே பிரிவுக்காரருக்குப் பதிவைப் படிக்க நேரமில்லை, கருத்தைப் படிக்க நேரமிருந்தது. "நோயாளிகளை முதுகில் தூக்கச் சொல்ல இவர் யார்?" என்று பொங்கினார். பத்தாவது கருத்தில் லிஃப்ட்காரர் நோயாளிகளை நடக்கச் சொல்லியிருந்தார். நாற்பதாவது கருத்தில் அவர் அப்படிச் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டதாக ஒருவர் சாட்சி எழுதினார்.

மத்தியானத்துக்குள் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் லிஃப்ட்காரருக்கு ஆதரவாகக் களத்தில் குதித்தார். படியேறுவது இதயத்துக்கு நல்லது, துணிந்து சொன்ன அந்த எளிய மனிதருக்கு வணக்கம் என்றார். எலும்பு முறிவு வார்டில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர்கள் அவரைச் சும்மா விடுவார்களா? சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியே லிஃப்ட் கட்சி, படிக்கட்டுக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. படிக்கட்டுக் கட்சியின் தலைவர் யாரென்றால், நம் லிஃப்ட்காரர்.

அவர் பதறிப்போய் அடியில் ஒரு விளக்கம் எழுதினார். "நான் அப்படிச் சொல்லவில்லை. தயவுசெய்து பதிவை ஒருமுறை முழுமையாக வாசியுங்கள்." அதுவரை ஏனோதானோ என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போதுதான் உண்மையாகவே கோபப்பட்டார்கள். எங்களுக்குப் படிக்கத் தெரியாது என்கிறாரா, அவ்வளவு திமிரா என்று கேட்டார்கள். கருத்து எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது.

மனைவியின் தம்பி வெளியூரிலிருந்து ஃபோன் செய்தான். "மாமா, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. யாருக்கும் பயப்படாதீங்க. நான் உங்க பக்கம்."

"நான் என்ன சொன்னேன் மாப்ள?"

"அதான் மாமா… நோயாளிங்க நடக்கணும்னு."

லிஃப்ட்காரர் ஃபோனை வைத்துவிட்டார். திட்டுகிறவர்களையாவது தாங்கிக்கொள்ளலாம், ஆதரிக்கிறவர்களைத் தாங்க முடியவில்லை என்று மனைவியிடம் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரியில் 'பொதுக் கருத்து நல்லிணக்கப் பிரிவு' என்று ஒன்று உண்டு. பொதுப் பக்கத்தில் சண்டை வந்தால் தீர்த்துவைப்பது அதன் வேலை. ஏழு வருஷத்தில் அது தீர்த்துவைத்த சண்டை எத்தனை என்று கேட்கக் கூடாது, நடத்திய விசாரணை எத்தனை என்று கேட்க வேண்டும். ஐந்தாம் மாடி. கண்ணாடிக் கதவு. உள்ளே சுவரில் 'புரிந்துகொள்வோம்' என்று பெரிய எழுத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்கடியில் நல்லிணக்க அலுவலர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்ன மேசையில், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த மெலிந்த குமாஸ்தா. நூற்றுக்கணக்கான கருத்துகளை ஒரே வரியாகச் சுருக்கிக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். நானூற்றுப் பன்னிரண்டையும் அவர் இப்படிச் சுருக்கி வைத்திருந்தார்: "லிஃப்ட்காரர் நோயாளிகளை வெறுக்கிறார்; ஆனால் படிக்கட்டு நல்லது."

லிஃப்ட்காரர் கைகட்டி நின்று, தாம் எழுதியதை ஐயா படித்திருப்பீர்கள் என்று ஆரம்பித்தார். அலுவலர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"பதிவ நான் படிக்கல. படிக்கவும் மாட்டேன். படிச்சா எனக்குன்னு ஒரு அபிப்பிராயம் வந்துடும். இந்த நாற்காலியில உக்காந்துகிட்டு அபிப்பிராயம் வெச்சுக்கக் கூடாது."

"பதினோரு வரிதான் சார். நானே வாசிச்சுக் காட்டுறேன். ஒரு நிமிஷம் கூட ஆகாது."

"நீங்க வாசிச்சா அது உங்க தரப்பு ஆயிடும். நீங்க என்ன எழுதினீங்கங்கறது இங்க பிரச்சினையே இல்ல. நானூத்திப் பன்னெண்டு பேரு என்ன புரிஞ்சுகிட்டாங்கங்கறதுதான் பிரச்சினை. ஒரு ஆள் எழுதினது பெருசா, நானூத்திப் பன்னெண்டு பேர் புரிஞ்சுகிட்டது பெருசா? நீங்களே சொல்லுங்க."

பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'மேலும் வாசிக்க' என்பதை எத்தனை முறை அழுத்தினார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. மூன்று முறை. இரண்டு முறை லிஃப்ட்காரர், ஒரு முறை அவர் மனைவி. தம் நிரபராதித்தனத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும் என்று லிஃப்ட்காரருக்கு ஒரு கணம் உயிர் வந்தது.

"பாத்தீங்களா? முதல் வரியிலயே எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்சுடுச்சு. மேல படிக்கவே தேவைப்படல. அவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க. இந்தத் தெளிவுதான் குத்தத்த இன்னும் பெருசாக்குது" என்றார் அலுவலர். குமாஸ்தா அதைக் குறித்துக்கொண்டார்.

போகட்டும் சார், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அந்த லிஃப்டை மட்டும் நிறுத்தி வைக்க ஒரு உத்தரவு கொடுங்கள் என்று லிஃப்ட்காரர் கெஞ்சினார். அலுவலர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். சர்ச்சைக்குரிய லிஃப்டை விசாரணை நடக்கும்போது நிறுத்தினால் பிரிவு ஒரு கட்சிக்குச் சாய்ந்ததாக ஆகிவிடும் என்றார். விசாரணை முடியும் வரை இருக்கிற நிலை அப்படியே தொடர வேண்டும். அதாவது மூன்றாம் எண் லிஃப்ட் ஓட வேண்டும். அதை எழுத்திலேயே கொடுத்துவிட்டார். லிஃப்ட் நிற்க உத்தரவு கேட்டுப் போனவர், லிஃப்ட் நிற்கக் கூடாது என்ற உத்தரவோடு படியிறங்கி வந்தார்.

அதற்குப் பிறகு லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் மெஷின் ரூமில் மூன்றின் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் நிர்வாகத்து ஆள் வந்து அதை மாட்டி, கையில் ஒரு மெமோவும் கொடுத்துவிட்டுப் போனான். வேலை நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் தரைத் தளத்தில் மூன்றாம் லிஃப்ட் வாசலிலேயே நிற்க ஆரம்பித்தார். ஸ்ட்ரெச்சர் வந்தால் குறுக்கே போய், பக்கத்து லிஃப்டில் போங்கம்மா, இதில் வேண்டாம் என்று வாயால் சொன்னார். வாயால் சொன்னதைச் சிலர் கேட்கவும் செய்தார்கள். வாயில் 'மேலும் வாசிக்க' இல்லை அல்லவா. ஆனால் யாரோ அதைப் படம் பிடித்துப் பொதுப் பக்கத்தில் போட்டார்கள். ஸ்ட்ரெச்சருக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்தபடி லிஃப்ட்காரர். இதற்கு மேலும் ஆதாரம் வேண்டுமா என்று லிஃப்ட் கட்சி கேட்டது. தலைவர் வாழ்க என்று படிக்கட்டுக் கட்சி எழுதியது. அந்த வாசலில் நிற்கக் கூடாது என்று இரண்டாவது மெமோ வந்தது.

அவர் நிற்காத முதல் நாளே அது நடந்தது. ஆறாம் மாடியில் அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் வெளியே தள்ளும்போது லிஃப்ட் ஒரு சாண் வழுக்கியது. நோயாளி தப்பினார். தள்ளிக்கொண்டிருந்த வார்டு பணிப்பெண்ணின் கை இடுக்கில் மாட்டி இரண்டு விரல் முறிந்தது. லிஃப்ட்காரர் மொட்டை மாடியிலிருந்து ஓடி இறங்கி வந்தபோது அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நீங்க எழுதினப்பவே சரியா எழுதியிருக்கலாமேண்ணே" என்றாள். அவள் சொன்னது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவளும் முதல் வரியைத்தான் படித்திருந்தாள்.

பொதுப் பக்கத்தில் அந்த விரல்கள் எந்தக் கட்சி என்று மூன்று நாள் விவாதம் நடந்தது. லிஃப்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் விசாரணைக்கு லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார்கள். விரல் முறிந்ததற்குக் காரணம் பீதி, பீதிக்குக் காரணம் பதிவு என்று பிரிவு முடிவு கட்டியிருந்தது. ஆனாலும் அலுவலர் பெரிய மனசு பண்ணினார். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் கோப்பை மூடிவிடலாம், இல்லாவிட்டால் வேலை போகும் என்றார்.

"உங்க சொந்த வார்த்தையில இருக்கணும். மனசுலேருந்து வரணும். நான் அத வரிக்கு வரி படிச்சுப் பாத்து, 'படித்துப் பார்த்து ஏற்கப்பட்டது'ன்னு முத்திரை போடுவேன். அதுக்கப்புறம் நிர்வாகமும் அதுக்குக் கட்டுப்பட்டதுதான்."

லிஃப்ட்காரர் சாயங்காலம் வீட்டில் வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி தையல் மெஷினில் ஜாக்கெட் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பதுகூடப் பெரிதில்லை என்றார் அவளிடம். கேட்டுவிட்டு வந்தாலும் அந்த லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும், இன்று விரல், நாளைக்குக் கழுத்து. அவள் மெஷினை நிறுத்தினாள்.

"முதல் வரிய அவங்களுக்கு எழுதுங்க. மீதிய லிஃப்டுக்கு எழுதுங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பயந்துபோனார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு திருகாணியைக்கூட ஏமாற்றி வாங்காத மனுஷர் அவர். ஆனால் முறிந்த இரண்டு விரலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எழுதினார். முதல் வரி: "மூன்றாம் எண் லிஃப்ட் பற்றி எழுதியதற்காக என் மனமார்ந்த மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன்." இரண்டாம் வரி: "மேற்படி லிஃப்ட் இன்று முதல் நிறுத்தப்பட வேண்டும்." மூன்றாம் வரி: "இரண்டு நாளுக்குள் ஸ்டோர் புதிய பிரேக் லைனிங் வழங்க வேண்டும்." நான்காம் வரி: "அது பொருத்தி, சோதித்த பிறகே லிஃப்ட் ஓட வேண்டும்." கீழே கையெழுத்து.

மறுநாள் அலுவலர் தாளை வாங்கினார். முதல் வரியில் அவர் முகம் மலர்ந்தது. கண்கள் அந்த வரியை விட்டு இறங்கவில்லை. லிஃப்ட்காரர், எங்கே இறங்கிவிடுமோ என்று அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுதான் நான் கேட்டது. இதுல ஒரு உண்மை இருக்கு. படிக்கிறவன் மனச அப்படியே தொடுது. எழுதினா இப்படி எழுதணும்" என்று சொல்லிவிட்டு, அலுவலர் 'படித்துப் பார்த்து ஏற்கப்பட்டது' முத்திரையை ஓங்கிக் குத்தினார். குமாஸ்தாவிடம் கொடுத்து, இதை ஸ்கேன் செய்து பொதுப் பக்கத்தில் போடச் சொன்னார்.

லிஃப்ட்காரர் முத்திரை போட்ட நகலோடு நேராக மெஷின் ரூமுக்குப் போய் மூன்றை நிறுத்தினார். ஸ்டோர்காரர் முத்திரையை மட்டும் படித்தார், டிபன் பாக்ஸை நகர்த்தினார், லைனிங் வந்தது. பொருத்தி, வெறுமனே இருபது முறை ஓட்டி, மணல் மூட்டை ஏற்றி இருபது முறை ஓட்டி, பிறகு திறந்துவிட்டார். லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் தரைக்கு நேராக வந்து நின்றது. பொதுப் பக்கத்தில் இரண்டு கட்சியும் வெற்றி கொண்டாடின. மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று ஒன்றும், மன்னிப்புக் கேட்கும் பெருந்தன்மை தலைவருக்கு மட்டுமே உண்டு என்று மற்றொன்றும் எழுதின.

லிஃப்ட்காரர் மட்டும் நிம்மதியாக இல்லை. மன்னிப்புக் கடிதத்தின் அடியிலும் அந்த நீல எழுத்து இருந்தது. யாராவது ஒருவர் தொட்டுவிட்டால் போதும், அலுவலரை ஏமாற்றி முத்திரை வாங்கிய குட்டு உடைந்துவிடும், வேலையும் போய்விடும். ஒரு மாதம் முழுக்க யாராவது படிக்க மாட்டார்களா என்று ஏங்கிய மனுஷர், இப்போது யாரும் படித்துவிடக் கூடாதே என்று காலையும் மாலையும் ஃபோனைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தார். பூஜ்யம். பத்து நாள் பூஜ்யம். பதினோராம் நாள் மத்தியானம் பார்த்தபோது, ஒன்று.

ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு மனைவிக்கு ஃபோன் செய்து நீயா அழுத்தினாய் என்று கேட்டார். தனக்குத்தான் மனப்பாடமாயிற்றே, எதற்கு அழுத்த வேண்டும் என்றாள். அரை மணி நேரத்தில் மெஷின் ரூம் கதவை யாரோ தட்டினார்கள். வெளியே, மூக்குக்கண்ணாடிக் கயிறோடு குமாஸ்தா நின்றிருந்தார். மொட்டை மாடிப் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"நான்தான் அழுத்தினேன்" என்றார் குமாஸ்தா. "வேணும்னு இல்ல. விரல் பட்டுடுச்சு. பட்டதும் படிச்சுட்டேன். அப்புறம் உங்க பழைய பதிவையும் தேடிப் படிச்சேன். பதினோரு வரியும்."

லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தா சுற்றிலும் இருந்த மோட்டார்களைப் பார்த்தார்.

"அந்த லைனிங் இப்ப நல்லா இருக்கா?"

நானூற்றுப் பன்னிரண்டு கருத்தில், இரண்டு விசாரணையில், இரண்டு மெமோவில் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி அது. லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லா இருக்கு சார் என்று மட்டும் சொல்ல முடிந்தது. பிறகு, இதை அலுவலரிடம் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டார்.

"சொல்லித்தான் ஆகணும். அது விதி. அறிக்கை எழுதிக் கொடுத்துட்டேன்." குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் வரியில 'நல்லிணக்கம் நிலவுகிறது'ன்னு போட்டேன். இத ரெண்டாவது வரியில எழுதினேன்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அந்த அறிக்கை கோப்பில் இருக்கிறது, இனி எப்போதும் இருக்கும், என்றைக்காவது ஒரு விரல் தவறிப்போய் அதன் மேல் படலாம் என்று இருவருக்கும் தெரியும். குமாஸ்தா விடைபெற்று, ஒன்பதாம் மாடிக்கு இறங்கி, கீழே போக ஒன்றாம் எண் லிஃப்டுக்குப் பொத்தானை அழுத்தினார்.

லிஃப்ட் இறங்கியது. மெஷின் ரூமில் ஒன்றாம் மோட்டார் சுற்றியது. நாலாவது மாடியைத் தாண்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம். லிஃப்ட்காரர் தலையை நிமிர்த்தினார். டார்ச்சை அடித்துப் பார்த்தார். இரும்புக் கயிற்றில் ஒரு புரி அறுந்து மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும்.

படிவத்தை எடுத்தார். கீழே ஸ்டோரில் இருக்கும் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. படிவத்தை மடித்து வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார். பொதுப் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிரீஸ் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முதல் வரியை எழுதினார்:

"ஒன்றாம் எண் லிஃப்ட் பற்றி நான் எழுதப்போவதற்காக என் மனமார்ந்த மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன்."